இலையில் வைத்த சர்க்கரை

ஆடி 4, சனி

பஸ் கம்பெனியில் மார்கழிக் கடைசியில் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் முருகன் படம் இருந்ததால் சாமி அலமாரியில் வைத்துப் பூ மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று எடுத்து எழுத வேண்டியதாகிவிட்டது.

சர்க்கரை ஆஸ்பத்திரியில் ரெஜினா சிஸ்டர் சொன்னார். "அம்மணி, சர்க்கரை எவ்வளவு, ஊசி எத்தன மணிக்கு, சாப்பாடு எத்தன மணிக்கு, என்ன சாப்பிட்டாரு, எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் கொண்டாரணும். முடியுமா?"

முடியும் என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாவது வரைதான். மீதியெல்லாம் சாமி பாட்டுப் புத்தகத்திலும் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும் நானாகப் படித்தது. ஆனால் இந்த வீட்டில் சிலிண்டர் எந்தத் தேதி மாற்றினோம், பசு எந்த நாள் கன்று போட்டது, பால் எத்தனை படி கறந்தது என்று எந்த வருஷத்துக்குக் கேட்டாலும் நோட்டைப் பார்த்துச் சொல்வேன். இதுவரை என் கணக்கு தப்பியதில்லை.

என் வீட்டுக்காரர் அவினாசியப்பன். கோபி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். விசில் ஊதி வண்டியை வெளியே அனுப்புகிற வேலை. காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நாலு முதல் எட்டு. ஞாயிறு லீவு. இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை. "இன்சுலின் போட்டுச் சர்க்கரை இறங்கினாத்தான் புண்ணு ஆறும். இல்லைனா விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "விரலையே எடுத்துப்போட்டா அப்பறம் செருப்பு எதைக் கடிக்கும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புண் இப்போது அவரைக்கொட்டை அளவு.

ஆடி 5, ஞாயிறு

காலை 171. இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி கொஞ்சம். ஊசி 8.05. சாப்பாடு 8.12.

தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது சிஸ்டர் சொன்ன முதல் சட்டம். போட்டால் பத்து நிமிஷத்துக்குள் முதல் வாய் உள்ளே போய்விட வேண்டும். ஊசி, பேனா மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது முள் மாட்ட வேண்டும். முதலில் இரண்டு திருகி மேலே பார்த்துப் பிடித்து அமுக்கினால் நுனியில் ஒரு சொட்டு நிற்கும். நின்றால் வழி சரி. பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு. இவருக்கு மதியம் எட்டு, காலையும் இரவும் ஆறு. "இது உங்க வீட்டுக்காரருக்கு எழுதுன அளவு. பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு மாத்திப்போடாதீங்க" என்று சிஸ்டர் இரண்டு முறை சொன்னார்.

இவர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக டிரைவர்களை நடுரோட்டில் நிறுத்தி அதட்டுகிற மனுஷன்.

"போட்டுட்டியா புள்ள?"

"இன்னும் தொடவே இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு வலிக்குது?"

"அது பயம் வலிக்குதுங்க."

அமுக்கிய பிறகு பத்து எண்ணும்வரை முள்ளை எடுக்கக் கூடாது. நான் எண்ணவில்லை. "முருகா" என்று பத்து முறை சொன்னேன். ஏழாவது முருகாவில் இவரும் சேர்ந்துகொண்டார். எடுத்த பிறகும் ஒன்று கூடுதலாகச் சொன்னார்.

ஆடி 8, புதன்

பேனா இரண்டு இருக்கிறது. ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று ராத்திரி படுக்கப்போகும்முன் மட்டும். இரண்டும் ஒரே ஜாடை. மாறிப்போனால் ஆபத்து என்றார் சிஸ்டர். ராத்திரிப் பேனாவுக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டேன்.

"எனக்கு நீ தாலி கட்டுன மாதிரி இருக்குது" என்றார் இவர்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் உற்சாகம் வந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஏம்புள்ள, நான் புரிஞ்சுக்கிட்டேன். அந்த மஞ்சக் கயிறு டவுன் பஸ்ஸு. ராவும் பகலும் மெல்ல உருட்டிக்கிட்டே போகும். இந்தச் சாப்பாட்டு ஊசி பாய்ன்ட் டு பாய்ன்ட். எடுத்தா நிக்காது. சோறுதான் பயணி. பயணி ஸ்டாண்டுக்கு வராம வண்டிய எடுத்துட்டா என்ன ஆகும்?"

"காலியா ஓடுங்க."

"காலியா ஓடி எங்கயாச்சும் கொண்டுபோயி முட்டும். அதனால பயணி ஏற ரெடியா நின்ன பொறவுதான் நான் விசிலடிப்பேன்."

பாத்திரம் தேய்க்கும்போது யோசித்தேன். சிஸ்டர் சொன்னதைவிட இது எனக்கு நன்றாக மனசில் நின்றது.

ஆடி 13, திங்கள்

காலை 139. மதியம் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து 168. இறங்கிக்கொண்டு வருகிறது. புண் ஓரம் சிவந்து புதுத் தோல் தெரிகிறது.

வீட்டில் இருந்த வெள்ளைச் சர்க்கரை, பிஸ்கட், முறுக்கு எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சர்க்கரை இறங்கிப்போனால் கொடுக்க ஒரு குளுக்கோஸ் பொட்டலம் மட்டும் சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கை நடுங்கி, வேர்த்து, பேச்சு குழறினால் உடனே மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். கால் மணி கழித்துச் சர்க்கரை மெஷினில் பார்க்க வேண்டும். எழுபதுக்கு மேலே ஏறாவிட்டால் மறுபடி மூன்று ஸ்பூன்.

அலமாரியின் மேல் தட்டில் நாட்டுச் சர்க்கரை டப்பாவும் இருக்கிறது. அதைக் கொடுக்கவில்லை. அது வேலுவுடையது.

வேலு எங்கள் பிள்ளை. ஒரே பிள்ளை. இருபத்துநாலு வயதில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டான். ஆறு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து நாட்டுச் சர்க்கரை வாங்கி வந்தால் டப்பாவில் கொட்டும்முன் பாதி அவன் வாயில் இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை மொட்டை மாடியில் காக்கைக்கு இலை வைக்கும்போது சோற்றுக்கு ஓரமாக ஒரு கை சர்க்கரை வைப்பேன். காக்கை வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். ஆறு வருஷத்தில் ஒரு அமாவாசைகூட முறை தவறியதில்லை. காக்கையும் தவறியதில்லை. தட்டைத் தட்டி "கா" என்றால் இரண்டு நிமிஷம். இவர்கூடச் சொல்வார், "அப்பன் டைம் கீப்பர்னா மகன் லேட்டா வருவானா?"

ஆடி 18, சனி

கொடிவேரிக்குப் போய் ஆற்றுக்குப் பூவும் மஞ்சளும் விட்டு வந்தோம். கலந்த சாதம் மூன்று வகை கொண்டுபோனேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும். தட்டைப் போட்டு வைத்து, ஊசி போட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏனுங்க, எல்லார்த்துக்கும் முன்னால வயித்துல குத்திக்கறாரே" என்றாள். "எல்லார்த்துக்கும் முன்னால திங்கறோமில்லீங்க" என்றார் இவர்.

புண் தட்டைப்பயறு அளவுக்கு வந்துவிட்டது. முருகா.

நாளை ஆடி அமாவாசை.

ஆடி 19, ஞாயிறு

காலை 118. இட்லி மூன்று.

மதியம் சாப்பாட்டுக்கு முன் 104. ஊசி எட்டு, 12.30. சாப்பாடு 12.40.

1.10க்கு 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். 1.25க்கு 81. இப்போது 146. நன்றாக இருக்கிறார்.

காக்கை வரவில்லை.

ஆடி 20, திங்கள்

மொட்டை மாடியைக் கழுவிவிட்டேன்.

குளுக்கோஸ் பொட்டலம் இன்னும் நாலு வாங்கினேன். சாமி அலமாரியில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று, இவர் சட்டைப் பையில் ஒன்று, மாடிப்படியில் மேல்படி மாடத்தில் ஒன்று.

இவர் எட்டு மணி வேலைக்குக் கிளம்பியபோது வாசலில் நின்று பார்த்தேன். தெருமுனை திரும்பும்வரை நடை நேராகத்தான் இருந்தது.

ஆடி 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் டைரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதறதில்லம்மா" என்றார். ஆடி 19க்கு வந்ததும் விரல் நின்றது.

"ஞாயித்துக்கிழமை அம்பத்திரண்டு. பன்னெண்டரைக்கு ஊசி, பன்னெண்டு நாப்பதுக்குச் சாப்பாடு. நேரமெல்லாம் சரியா இருக்கு. சோறு வழக்கம்போலச் சாப்பிட்டாரா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த பாதம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழக்கம்போலத்தானுங்க" என்றார்.

"அப்பச் சரியான நேரத்துக்குச் சாப்பிட்டும் இறங்கியிருக்கு. மதிய அளவு உங்களுக்கு அதிகம். அஞ்சாக் குறைச்சிரலாம். மூணு வாரம் கழிச்சு வாங்க."

வெளியே வந்து ஆவின் கடைப் பக்கம் நின்றோம்.  இவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆடி 28, செவ்வாய்

மதியம் ஐந்துதான் போடுகிறோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 219.

ஆவணி 1, சனி

மாசப் பிறப்பு. பச்சைமலை முருகன் கோயிலுக்குப் போய் வந்தேன். படியேறும்போது ஒன்று வேண்டிக்கொண்டேன். எழுத வேண்டியதில்லை.

மதியம் 234.

ஆவணி 4, செவ்வாய்

சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிட்டேன். "ஏம்புள்ள, இது சோறா, சோத்துப் பருக்கையா?" என்று கேட்டார். கீரையை அள்ளி வைத்தேன். தின்றுவிட்டு எழுந்தார். மாலையில் வேலைக்குப் போகும்போது முகம் வாடியிருந்தது.

248.

ஆவணி 8, சனி

புண்ணைக் கழுவிக் கட்டும்போது ஓரம் வெளுத்திருந்தது. தட்டைப்பயறு அளவில் இருந்தது மறுபடி அவரைக்கொட்டை ஆகிவிட்டது. இவரிடம் சொல்லவில்லை. ஆனால் கட்டுகிற துணி இரண்டு சுற்று கூடுதலாகப் பிடித்ததை அவர் பார்த்தார்.

"எந்த விரலுன்னு டாக்டர் நல்லாப் பாத்துதானே எடுப்பாரு?" என்றார்.

"பேசாம இருங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

ஆவணி 10, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் 262. மெஷினைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நான் அளந்து போடுகிறேன், எழுதுகிறேன், வேண்டுகிறேன். பிறகு எங்கிருந்து ஏறுகிறது? ஸ்டாண்டில்தான் ஏறுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. டீக்கடையில போண்டா தின்னீங்களா?"

"நாலு தின்னேன். அஞ்சாவது உனக்கு வெச்சிருக்கேன்."

"வெளையாட்டு வேண்டாங்க."

"பின்ன என்ன புள்ள? தின்னாத்தானே தின்னேன்னு சொல்ல முடியும்."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் பையில் கைவிட்டேன். குளுக்கோஸ் பொட்டலம் நான் வைத்தபடியே இருந்தது. அதற்குப் பின்னால் டிக்கெட் காகிதத்தில் மடித்த இன்னொரு பொட்டலம். பிரித்தேன். நாட்டுச் சர்க்கரை. ஒரு ஸ்பூன் இருக்கும். ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தது.

"இது என்னங்க?" என்றேன். திருட்டைக் கையோடு பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இவர் பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மடித்தார். பிறகு, "அன்னிக்கி எலையில மிச்சம் கெடந்துது. நீ சோறெடுக்கக் கீழ போனயில்ல, அப்ப மடிச்சு வெச்சுக்கிட்டேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"நீ குடுத்த பொட்டலம் இருக்குது. சரி. ஆனா இது என்ற பையன் குடுத்தது. ஸ்டாண்டுல எறங்குச்சுன்னா மொதல்ல இதப் போட்டுக்கலாம்னு."

நான் சட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

"நீ அன்னிக்கிருந்து அவன் வரலைன்னு மனசுக்குள்ள வெச்சிருக்கற. எனக்குத் தெரியும்" என்றார். "அட புள்ள, அவன் வந்திருந்தான்னா அந்தச் சக்கரைய அவனே தின்னுட்டுப் போயிருப்பான். எனக்கு என்ன இருந்திருக்கும்?"

நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். வெளியே வந்தபோது இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பொட்டலம் பைக்குள் போய்விட்டது.

ஆவணி 11, செவ்வாய்

ஆடி 19ஆம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியது பொய். சாப்பாடு 12.40 இல்லை. 1.30.

அன்று பன்னிரண்டே காலுக்கே எல்லாம் தயாராகிவிட்டது. இவரைக் கூப்பிட்டேன். சோறு வெந்துவிட்டது, காக்கை வந்துவிடும், ஊசியைப் போட்டுக்கொண்டு மேலே போகலாம், இறங்கி வந்ததும் சாப்பிடலாம் என்று சொன்னது நான். தட்டு முன்னால் இல்லை. இவருக்கே முதலில் சந்தேகம். "பயணி இன்னும் ஏறலயே?" என்றார். "ரெண்டு நிமிஷந்தானுங்க, அவன் என்னிக்கி லேட்டா வந்திருக்கறான்?" என்றேன்.

12.30க்கு ஊசி போட்டேன். பத்து முருகா சொன்னேன். இலையும் சொம்புத் தண்ணீருமாக மாடிக்குப் போனோம்.

தட்டைத் தட்டினேன். கூப்பிட்டேன். வரவில்லை. ஆடி அமாவாசை என்பதால் சுற்றி எந்த மாடியைப் பார்த்தாலும் ஒரு இலை இருந்தது. வடை, பாயசம், கொழுக்கட்டை. எதிர்வீட்டு மாடியில் நாலைந்து காக்கை உட்கார்ந்திருந்தது. தின்று தின்று பறக்கக்கூட முடியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் "வேலு, வேலு" என்று பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் இவர், "சாப்பிட்டுட்டு வந்து கூப்புடலாமா புள்ள?" என்றார். "சித்த பொறுங்க" என்றேன். இருபது நிமிஷத்தில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். வெயில் என்று நினைத்தேன். பிறகு, "கை நடுங்குது" என்றார்.

அப்போதும் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டும். "வந்துருவான், வந்துருவான்" என்றேன்.

இறந்த பிள்ளைக்கு முன்னால் உயிரோடு இருக்கிற மனுஷனைச் சாப்பிட வைத்தால் பிள்ளை மறுபடி பசியோடு போய்விடுவான் என்று எனக்கு. காய்ச்சலில் கிடந்த நாலு நாளும் அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. அது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும்.

ஒரு மணிக்கு மேல் இவர் என்னைப் பார்த்து, "அஞ்சாம் நம்பர் வண்டி ஏன் இன்னும் கெளம்பல?" என்று கேட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் வெளுத்துப்போய்ப் பேச்சு குழறியது. குளுக்கோஸ் கீழே சமையலறையில். பதினெட்டுப் படி. இவரைத் தனியாக விட்டுவிட்டு இறங்கினால் சுவரிலிருந்து சாய்ந்துவிடுவார்.

இலையில் கை வைத்தேன். அவனுக்கு வைத்த சர்க்கரையை அள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டுக் கையாலேயே கலக்கினேன். "குடிங்க, முழுங்குங்க" என்று வாயில் வைத்தேன். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. முழுச் சொம்பும் குடித்தார். தரையில் உட்கார வைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பிறகுதான் கீழே ஓடி மெஷின் கொண்டுவந்தேன். அப்போதுதான் 52. கால் மணி கழித்து 81. 1.30க்குத் தட்டை மாடிக்கே கொண்டுவந்து, வெயிலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினேன்.

சாயங்காலம் டைரியை எடுத்து 1.30 என்று எழுதப் போனேன். கை எழுதவில்லை. 12.40 என்று எழுதினேன். முதல் பக்கத்தில் இருக்கிற முருகனுக்கு எல்லாம் தெரியும். எழுதிவிட்டால் எனக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

அந்த ஒரு பொய்யைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியைக் குறைத்தார். குறைத்ததால் சர்க்கரை ஏறியது. ஏறியதால் புண் திறந்துகொண்டது. நான் போண்டாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட நான் வழக்கம்போலன்னு சொன்னனே, அதையும் எழுது. பாதி எனக்கும் சேரோணும்" என்றார்.

"நாமளே மறுபடி எட்டு வெச்சுக்கலாமா?" என்றும் கேட்டார்.

"டாக்டர் எழுதாத அளவைத் திருகக் கூடாதுங்க. நாளைக்கே போயிச் சொல்லிப்போடலாம்."

ஆவணி 12, புதன்

வரச் சொன்ன நாள் நாளைதான். இன்றே போய்விட்டோம். டாக்டர் வரும்முன் ரெஜினா சிஸ்டரிடம் டைரியைக் கொடுத்தேன். 12.40ஐ அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 1.30 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சிஸ்டர் நேற்றைய பக்கம் முழுவதையும் நின்றபடியே படித்தார். திட்டுவார் என்று இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அம்மணி, டாக்டருக்கு உங்க வீட்டு மொட்டை மாடி தெரியாது. இந்த நோட்டு ஒண்ணுதான் தெரியும். இதை நம்பித்தான் அளவு எழுதறாரு."

"தப்புத்தானுங்க சிஸ்டர்."

"அன்னிக்கிக் கையில இருந்த சர்க்கரையைக் கொடுத்தீங்க பாருங்க, அது சரி. மெஷின் இல்லைன்னு காத்திருக்கலை, அதுவும் சரி. ஆனா முழுசா மயங்கிட்டா வாயில ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. புரையேறிரும். உடனே நூத்தியெட்டைக் கூப்பிடணும். தெரிஞ்சுக்கோங்க."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "எங்க வீட்டுலயும் ஜெபம் பண்ணிட்டுத்தான் சாப்பிடுவோம். எங்கப்பாவுக்கு ஊசி ஆரம்பிச்சப்போ ஜெபத்தை முன்னால தள்ளிட்டோம். சாமிக்கு வேண்டியதை எல்லாம் செஞ்சுட்டு, அப்பறம் தட்டு, அப்பறம் ஊசி. காக்கா வர லேட்டாச்சுன்னா ஊசியும் லேட்டாகட்டும். ஆனா ஊசி போட்டாச்சுன்னா அப்பறம் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

"யாருக்காகவுமா சிஸ்டர்?"

"யாருக்காகவும்."

டாக்டர் மதிய அளவை ஏழாக்கினார். மூன்று நாள் பார்த்துப் போனில் சொல்லச் சொன்னார். சோற்றைப் பழைய அளவுக்கே போடச் சொன்னார். இவர் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்க" என்றார்.

ஆவணி 14, வெள்ளி

மதியம் இரண்டு மணி நேரம் கழித்து 172. முழுக் கரண்டிச் சோறு.

ஆவணி 15, சனி

164. போனில் சொன்னேன். ஏழே இருக்கட்டும் என்றார்கள். புண் ஓரத்தில் மறுபடி சிவப்பு.

ஆவணி 17, திங்கள். அமாவாசை

பதினொன்றரைக்கே இலை வைத்துவிட்டேன். சோறு, பருப்பு, வாழைக்காய், ஓரத்தில் சர்க்கரை. கூப்பிட்டேன். கீழே வந்துவிட்டேன். பன்னிரண்டு பத்துக்கு இவர் வந்தார். மேலே போய்ப் பார்த்தேன். இலை வைத்தபடியே இருந்தது. பன்னிரண்டே காலுக்கு மறுபடி கூப்பிட்டேன். எதிர்வீட்டு மாடியில்கூட ஒன்றையும் காணோம்.

இறங்கி வந்தேன். இவர் உட்கார்ந்திருந்தார்.  பசி முகத்தில் தெரிந்தது. காலையில் ஆறரைக்கு எழுந்த மனுஷன்.

சாமி அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தட்டைப் போட்டேன். சோறு, பருப்பு, பொரியல் எல்லாம் வைத்து முன்னால் தள்ளினேன்.

"அவன் இன்னும் சாப்பிடலயே" என்றார்.

"அவன் இளையவன். காத்திருப்பான். நீங்க சாப்பிடுங்க."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டையைத் தூக்கினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. பத்து முருகாவையும் இவரே சொன்னார். நான் பக்கத்தில் எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை அமாவாசையன்று காக்கைக்கு முன்னால் நாங்களாகவே கை நனைத்தோம். முதல் வாயை எடுத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தேன். இவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

பாத்திரம் எடுத்துப் போடும்போது மேலே தகரத்தில் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. இருவரும் படியேறினோம். ஒற்றைக் காக்கை. சோற்றைத் தொடவில்லை. நேராகச் சர்க்கரையில் மூக்கை வைத்தது.

"லேட்டு" என்றார் இவர். பையிலிருந்து விசிலை எடுத்தார். ஊதவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய கணக்கு:

சாப்பாட்டுக்கு முன் 126. தட்டு 12.30. ஊசி ஏழு, 12.33. சாப்பாடு 12.38.

வேலு, 1.15.

இரண்டு மணி நேரம் கழித்து 158. புண் தட்டைப்பயறு.

டப்பாவில் மீதியிருந்த நாட்டுச் சர்க்கரை இரண்டு கை. ஒரு கை இலையில் வைத்தேன். இன்னொரு கையைப் புதுக் காகிதத்தில் மடித்து, பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டு, இவர் சட்டைப் பையில் வைத்தேன்.